உறைந்த குளத்தில் மீன்கள்

தண்ணீர் உறைவதை ஐஸ் பெட்டியில் மட்டுமே கண்டு பழகிய நமக்கு, கொல்லைப்புறத்துக் குளம் ஒன்று ஓரிரவில் கண்ணாடிப் பாளமாக மாறிக் கிடப்பது வியப்பைத் தரும். ஜப்பானில், நிகாட்டா மாகாணத்து யமகோஷி, ஓஜியா முதலிய ஊர்களில் இது புதுமையன்று. பனிக்காலத்தில் அங்கே ஆள் உயரத்துக்கும் மேலாக வெண்பனி குவியும். அவ்வூர் உழவர்கள் உணவுக்காக வளர்த்த கெண்டைகளிலிருந்தே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், செம்மையும் வெண்மையும் கலந்த வண்ணக் கெண்டைகள் தோன்றின. 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சி அவற்றுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. கோடையில் மலைக் குளங்களில் வளரும் இம்மீன்களை, பனி விழுமுன் வலையிட்டுப் பிடித்து, கூரை வேய்ந்த தொட்டிகளில் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம்.

கூரைத் தொட்டி இல்லாதவர் என்ன செய்வது? இயற்கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. குளிரக் குளிரப் பொருள்கள் சுருங்கிக் கனக்கும் என்று பௌதிக வகுப்பில் படிக்கிறோம். தண்ணீரும் 4 டிகிரி சென்டிகிரேட் வரையில் இவ்விதிக்குக் கட்டுப்படுகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் விரிந்து இலேசாகிறது. ஆகவே 4 டிகிரி நீர் அடியில் தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. பனிப்பாளம் போர்வையாகிவிட, மீன்கள் அடித்தரையில் அசையாது கிடக்கின்றன. குளம் மூன்றடிக்குக் குறையாத ஆழமுடையதாக இருப்பது நலம் என்பது இதனால்தான். ஆழமற்ற குளம் அடிவரை உறைந்துவிடக்கூடும்.

அப்படியானால் மீன்கள் ஏன் மடிகின்றன? குளிரால் அன்று, பெரும்பாலும் மூச்சுத் திணறியே மடிகின்றன. இத்தனைக்கும், 30 டிகிரி நீரைவிட உறைநிலை நீர் ஏறக்குறைய இருமடங்கு பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆனால் பாளம் மூடியபின் புதுக் காற்று நுழைய வழியில்லை. பாளத்தின்மேல் வெண்பனி படிந்தால் வெளிச்சமும் நின்று, நீர்ச்செடிகள் பிராணவாயு விடுவதும் ஓய்கிறது. அடியில் கிடக்கும் சருகுகளோ அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் தின்று, நச்சு வாயுக்களை வெளிவிடுகின்றன. எனவே இலையுதிர் காலத்திலேயே குளத்தின்மேல் வலை விரித்துச் சருகைத் தடுப்பார்கள். நீர் 10 டிகிரிக்குக் கீழ் இறங்கியதும் இரை போடுவதை நிறுத்துவார்கள். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. குளிரில் குடலும் மந்தமாகிவிடும்.

பாளத்தில் ஒரு துவாரம் மட்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மிதக்கும் சிறு மின்சாரச் சூடேற்றியோ, குமிழி விடும் காற்றுப் பம்போ அதற்கு உதவும். பம்பின் குழாயை ஆழத்தில் இறக்குவது பெரும் பிழை. அடியிலுள்ள வெதுவெதுப்பு மேலே கலைந்து போகும். 4 டிகிரியை வெதுவெதுப்பு என்று சொல்ல நமக்குத்தான் நாக்கூசுகிறது! பாளத்தைச் சம்மட்டியால் உடைப்பதும் ஆகாது. அவ்வதிர்ச்சி நீரின் வழியே சென்று மீன்களைத் தாக்கும். வெந்நீர் நிரம்பிய பாத்திரத்தைப் பாளத்தின்மேல் வைத்தால், பனி உருகித் தானே வழிவிடும்.

தங்கமீன் மட்டும் இதிலும் ஒரு தந்திரம் அறிந்திருக்கிறது. பிராணவாயு அற்றுப்போனால், தன் உடலில் சேரும் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிச் சில நாள் பிழைத்திருக்கும். வண்ணக் கெண்டைக்கு அவ்வித்தை தெரியாது. அதன் உயிர் அந்தச் சிறு துவாரத்தை நம்பியே இருக்கிறது.