முந்தி வரும் பொய்

2008 ஜூலை கடைசி வாரம். பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கப் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது. பிரதான ஊடக மையத்தில் உலகெங்கிலுமிருந்து வந்த நிருபர்கள் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். சீனாவின் மனித உரிமை நிலவரம் பற்றி ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அப்போதுதான் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அதைப் படிக்கப் போனவர்களுக்குப் பக்கம் வரவில்லை. பிபிசியின் சீன மொழித் தளம் வரவில்லை. ஹாங்காங்கின் ஆப்பிள் டெய்லி வரவில்லை. 'இது தடை செய்யப்பட்ட தளம்' என்று யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. கம்பி அறுந்தால், மறுமுனை சர்வர் படுத்துவிட்டால் வருகிற அதே பிழைச் செய்திதான் திரையில் வந்தது.

கதவில் பூட்டுத் தொங்கினால் யார் பூட்டினார்கள் என்று கேட்கலாம். கோளாறு என்றால் யாரைக் கேட்பது? சீனத் தணிக்கையின் சூட்சுமம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. அரசியல் காரணத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, இந்தக் கோளாறு எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

சீனாவுக்குள் வெளிநாட்டு இணையம் நுழையும் வாசல்கள் மிகக் குறைவு. முக்கியமானவை வடக்கே பெய்ஜிங் பகுதி, நடுவே ஷாங்காய், தெற்கே குவாங்சோ. கடலடிக் கேபிள்களில் வரும் ஒளி பெரும்பாலும் இந்த வாசல்கள் வழியாகத்தான் நாட்டுக்குள் பரவுகிறது. இங்கே எல்லாப் போக்குவரத்தையும் நிறுத்திச் சோதித்து அனுப்பினால் என்ன ஆகும்? பல கோடிப் பேரின் இணையமும் தவழும். சோதிக்கும் கருவி பழுதானால் நாடே துண்டிக்கப்படும். அதனால் அப்படிச் செய்வதில்லை. ஒளியில் ஒரு சிறு பங்கைப் பிரித்து, ஒரு நகலைப் பக்கத்தில் உள்ள கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். மூலம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். 'பெரும் தீச்சுவர்' என்று உலகம் அழைக்கிற அமைப்பின் முக்கியமான பகுதி, உண்மையில் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்கும் ஓர் ஆள்.

ஒட்டுக்கேட்பவரால் கடிதத்தைப் பறிக்க முடியாது. ஆனால் குரலை மாற்றிக் கத்தலாம். அதைத்தான் அந்த ஆள் செய்கிறார்.

2006இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிளேட்டன், ஸ்டீவன் மர்டாக், ராபர்ட் வாட்சன் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீனாவுக்குப் போகாமலேயே செய்த ஆய்வு. சீனாவில் இருக்கும் ஒரு சாதாரண சர்வருடன் இங்கிலாந்திலிருந்து இணைந்தார்கள். முதலில் எந்த வம்பும் இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டார்கள், வந்தது. அடுத்து அதே பக்கத்தின் முகவரியோடு 'ஃபாலுன்' என்ற சொல்லை ஒட்டிக் கேட்டார்கள். 1999இல் சீனா தடை செய்த ஃபாலுன் கோங் இயக்கத்தின் பெயர் அதில் இருக்கிறது. உடனே அந்தச் சர்வரிடமிருந்து வந்ததுபோல 'ரீசெட்' பாக்கெட்டுகள் (இணையத்தில் தரவு பயணிக்கும் சிறு பொட்டலங்கள்) வந்து விழுந்தன. ரீசெட் என்பது இணைய நெறிமுறையில் நியாயமான ஒரு சமிக்ஞை. 'ஏதோ குழப்பம், பேச்சை முறித்துக்கொள்வோம்' என்று ஒரு கணினி இன்னொன்றுக்குச் சொல்வது. அதைக் கேட்டதும் எந்தக் கணினியும் மறுபேச்சின்றி இணைப்பை விட்டுவிடும்.

அந்த ரீசெட்டை அனுப்பியது உண்மையில் அந்தச் சர்வர்தானா? இதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் இருந்தது. ஒவ்வொரு பாக்கெட்டும் கிளம்பும்போது ஓர் ஆயுள் எண்ணைச் சுமந்து வரும். வழியில் ஒரு ரூட்டரைத் தாண்டும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும். சர்வரிடமிருந்து வந்த உண்மையான பாக்கெட்டுகளில் அந்த எண் 39. ரீசெட் பாக்கெட்டுகளில் 47. பல கணினிகள் 64இல் தொடங்குவது வழக்கம். இங்கும் அப்படித்தான் என்று கொண்டால், சர்வர் 25 ரூட்டர் தூரத்தில் இருக்கிறது. பொய்க் குரல் 17 ரூட்டர் தூரத்திலிருந்து, நடுவழியிலேயே கிளம்பியிருக்கிறது. அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதியவர் இந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விவரம். ரீசெட் ஒன்று மட்டும் வரவில்லை, மூன்று வந்தன. அவற்றின் வரிசை எண்கள் 1, 1461, 2921. முழுதாக நிரம்பிய ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 1460 பைட் தரவு இருக்கும். அதாவது, உண்மையான பதில் ரீசெட்டை முந்திக்கொண்டு ஒரு பாக்கெட்டோ இரண்டு பாக்கெட்டோ போய்ச் சேர்ந்திருந்தால், பழைய எண்ணுடன் வரும் ரீசெட் செல்லாது. ஆகவே அந்த நிலைகளுக்கும் ஒவ்வொன்று தயாராக அனுப்பப்படுகிறது. இது ஓட்டப் பந்தயம் என்றும், தான் தோற்கக்கூடும் என்றும் தணிக்கைக் கருவியை வடிவமைத்தவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கேம்பிரிட்ஜ் ஆட்கள் இரு முனைகளிலும் ரீசெட்டைக் கண்டுகொள்ளாதபடி ஒரே வரிக் கட்டளை கொடுத்துப் பார்த்தார்கள். இரு முனை என்பது முக்கியம். பொய் இரண்டு பக்கமும் சொல்லப்படுகிறது. இரண்டும் காதைப் பொத்திக்கொண்டதும் முழுப் பக்கமும் சொகுசாக வந்து சேர்ந்தது. பாக்கெட்டுகளை எவரும் தடுக்கவே இல்லை. ஆனால் ஊரில் உள்ள ஒவ்வொரு கணினியையும் இப்படி மாற்ற முடியாது. தவிர, ஒருமுறை மாட்டியவருக்கு அப்போது தண்டனையும் இருந்தது. அந்த இரு கணினிகளுக்கும் இடையே அடுத்த சில நிமிடங்கள் முதல் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வரை, என்ன கேட்டாலும் இணைப்பு முறியும். கேட்டவர், இன்று லைன் சரியில்லை என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிலும் இதே வித்தைதான், இன்னும் சுலபமாக. அங்கே முதலில் வரும் பதிலே ஏற்கப்படும். தடைப்பட்ட பெயரை யாராவது கேட்டால், உண்மையான பதிலுக்கு முன்பே தப்பான எண் ஒன்று வந்துவிடும். சீனாவுக்குள் டிஎன்எஸ் சர்வரே இல்லாத ஒரு முகவரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் வருகிறது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினால் தெருவில் நிற்பவன் உள்ளேயிருந்து பேசுவதுபோலக் குரல் கொடுப்பது மாதிரி. 2010 மார்ச்சில் இந்தப் பொய் எல்லை தாண்டியும் கசிந்தது. ஃபேஸ்புக் முகவரியைத் தேடிய சிலி நாட்டுக் கேள்விகளில் சில, பெய்ஜிங்கில் இருந்த ஒரு டிஎன்எஸ் மூல சர்வருக்குப் போய், தப்பான பதிலோடு திரும்பின.

மூன்றாவது முறை, குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்குப் போகும் வழியையே அடைப்பது. இது மொட்டைக் கத்தி. 2018 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இரண்டு மாதம் முன்பு ரஷ்யா டெலிகிராம் செயலியை இப்படி ஒழிக்கப் பார்த்தது. அமேசான், கூகுள் நிறுவனங்களின் ஒரு கோடிக்கும் அதிகமான முகவரிகளை அடைத்தது. சம்பந்தமே இல்லாத கடைகளும் சேவைகளும் முடங்கின. டெலிகிராம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பெய்ஜிங் அந்த வகை முரடு அல்ல. யாருக்கு எதைக் காட்டுவது என்பதைக் கேட்பவரின் முகவரியைப் பார்த்தும் தீர்மானிக்கலாம். வெளிநாட்டவர் தங்கும் விடுதிகள், மாநாட்டு மையங்கள் ஆகியவற்றின் முகவரிகளுக்கு மட்டும் தடையை விலக்கத் தயாராக இருக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது என்று அட்லாண்டிக் இதழில் ஜேம்ஸ் ஃபாலோஸ் 2008 மார்ச்சிலேயே எழுதியிருந்தார். விருந்தாளிக்கு ஒரு இணையம், வீட்டாருக்கு ஒரு இணையம். ஊடக மையத்தில் முதலில் நடந்தது அதுகூட இல்லை. விருந்தாளிக்கும் வீட்டாரின் இணையமே கிடைத்தது.

2001இல் போட்டியைக் கேட்டு வாங்கும்போது, வரும் ஊடகங்களுக்கு முழுச் சுதந்திரம் என்று பெய்ஜிங் சொல்லியிருந்தது. போட்டிக்குச் சில வாரம் முன்புகூட, இணையத் தணிக்கை இருக்காது என்றார் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ழாக் ரோக். ஜூலை 30 அன்று அதே கமிட்டியின் ஊடகப் பிரிவுத் தலைவர் கெவன் கோஸ்பர், விளையாட்டோடு சம்பந்தமில்லாத சில தளங்களை அடைக்க ஒலிம்பிக் அதிகாரிகள் சிலர் சீனத் தரப்புடன் பேசி ஒத்துக்கொண்டிருப்பது இப்போதுதான் தனக்குத் தெரிகிறது என்றார். அப்படி உடன்பாடு எதுவும் இல்லை என்று ரோக் மறுத்தார். ஏற்பாட்டுக் குழுவின் பேச்சாளர், நிருபர்களுக்குப் 'போதிய' இணைய வசதி தரப்படும் என்றார். போதியது எது என்பதை யார் முடிவு செய்வது என்று அவர் சொல்லவில்லை. ஆகஸ்ட் 1 வாக்கில் ஆம்னெஸ்டியும் பிபிசி சீனமும் ஓசைப்படாமல் திறந்தன. டிசம்பருக்குள் சில தளங்கள் மறுபடி மூடின. 2009இல் யூடியூப், ட்விட்டர், ஃபேஸ்புக் மூன்றும் அடுத்தடுத்துப் போயின.

பிற்பாடு மறையாக்கம் பரவலானது. எச்டிடிபிஎஸ் வந்ததும் பக்கத்துக்குள் என்ன சொல் இருக்கிறது என்று ஒட்டுக்கேட்பவரால் படிக்க முடியவில்லை. எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. ஆகவே ஒரு கட்டுரையை மட்டும் மறைப்பது போய், முழுத் தளத்தையும் அடைப்பதா விடுவதா என்றாயிற்று. சீன விக்கிப்பீடியா 2015இல் அடைபட்டது, 2019 ஏப்ரலில் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும். தமிழும் அதில் அடக்கம்.

வெளிநாட்டுச் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும் விபிஎன் போட்டு வெளியே எட்டிப் பார்ப்பதைச் சீனர்கள் 'சுவர் ஏறுதல்' என்பார்கள். தீச்சுவரின் தந்தை என்று அறியப்படும் ஃபாங் பின்சிங், 2016இல் ஹார்பின் நகரில் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, தென்கொரியத் தளம் ஒன்றைக் காட்ட முயன்று அது திறக்காமல், எல்லார் கண்ணெதிரிலும் விபிஎன் போட வேண்டியதாயிற்று.

2022 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக்குக்கு பெய்ஜிங் மறுபடி தயாரானபோது ஏற்பாடு கச்சிதமாகிவிட்டது. கொரோனாவுக்காக அடைக்கப்பட்ட வளையத்துக்குள் இருந்த வீரர்களும் நிருபர்களும் ட்விட்டர், இன்ஸ்டாகிராம் எல்லாம் பார்த்தார்கள். இதற்கு மாயம் தேவையில்லை. நம்மூர் சிம்முடன் ரோமிங்கில் பெய்ஜிங் போனாலே, தரவு பொதுவாக ஒரு சுரங்கப்பாதை வழியே சொந்த நாட்டு நிறுவனத்துக்கு வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. ஒரே செல்பேசிக் கோபுரத்தின் கீழ் நிற்கும் இருவர் இரண்டு இணையத்தில் இருக்கலாம். போட்டிக்கான கட்டாயச் செயலியான மை2022ஐப் பிரித்துப் பார்த்த டொரண்டோவின் சிட்டிசன் லேப், அதன் மறையாக்கத்தில் ஓட்டை இருப்பதையும், உள்ளே 2,442 சொற்கள் கொண்ட தணிக்கைப் பட்டியல் ஒன்று பயன்படுத்தப்படாமல் கிடப்பதையும் கண்டது.

அந்தப் போட்டியில் சீனாவுக்காகத் தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை ஐலீன் கு இன்ஸ்டாகிராமில் பதிவிட்டபோது ஒருவர் கேட்டார்: மற்ற சீனர்களுக்கு இல்லாத இன்ஸ்டாகிராம் உங்களுக்கு மட்டும் எப்படி? ஆப் ஸ்டோரில் விபிஎன் இலவசமாகக் கிடைக்கிறதே, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமே என்ற பொருளில் அவர் பதில் போட்டார். சீனாவுக்கான ஆப் ஸ்டோரிலிருந்து விபிஎன் செயலிகளை ஆப்பிள் 2017லேயே நீக்கத் தொடங்கியிருந்தது. அவருடைய பதிலைப் படம்பிடித்துச் சீனச் சமூக ஊடகமான வெய்போவில் போட்டார்கள். அதுவும் நீக்கப்பட்டது.