கப்பலில் மனநோய் வந்தால்: உரிமையும் குடும்பத்தின் கடமையும்



கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைக்குக் கால் முறிந்தால் உடனே கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கிறோம். அதே பிள்ளை தூக்கமின்றி, யாரோடும் பேசாமல், பயந்துபோய் ஊர் திரும்பினால் அக்கம்பக்கம் அறியாமல் மறைக்கிறோம். அதனால் நோயும் முற்றுகிறது, சட்டப்படி வரவேண்டிய தொகையும் போய்விடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஊர் திரும்பும் வரை வரும் நோய்க்கான மருத்துவச் செலவு கப்பல் முதலாளியின் பொறுப்பு என்கிறது அது. உடல்நோய், மனநோய் என்ற பாகுபாடு அதில் இல்லை. இந்தப் பொறுப்புக்கு நாடுகள் வரம்பு வைத்தாலும் அது 16 வாரத்துக்குக் குறையக்கூடாது.

நீண்டகால இயலாமைக்கான இழப்பீடு இதிலிருந்து வேறுபட்டது. நோய்க்கு வேலையே காரணம் என்றால், ஒப்பந்தத்தில் உள்ள தொகையைக் கேட்கலாம். இதற்கான காப்பீடோ வேறு நிதி உத்தரவாதமோ முதலாளியிடம் இருக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரால் முடியாவிட்டால் குடும்பத்தாரே கோரலாம். மதிப்பீடு முடியத் தாமதமானால் இடைக்காலத் தொகை தர வேண்டும். குறைந்த தொகைக்குச் சம்மதிக்கும்படி நெருக்கக்கூடாது.

கோரிக்கை எங்கே தோற்கிறது?

1. இறங்கும்போது "சொந்த விருப்பத்தில் இறங்குகிறேன்" என்று கையெழுத்துப் போடுவது. நோயால் இறங்கினால் "மருத்துவக் காரணம்" என்றே பதிவாக வேண்டும்.

2. முன்பே இருந்த நோயை வேலைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் வேண்டுமென்றே மறைப்பது. இது தெரிந்தால் முதலாளி பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

3. வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்ட ஆதாரம் இல்லாமை. சக ஊழியரின் மரணம், கடற்கொள்ளை, துன்புறுத்தல், ஓய்வில்லாத வேலை போன்றவற்றைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு பொதுவான விதி. அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2010இல் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது.

குடும்பம் செய்ய வேண்டியது

ஊர் வந்ததும் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கம்பெனி மருத்துவரைப் பார்க்க ஒப்பந்தத்தில் கெடு உண்டா என்று பாருங்கள். மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ஆனால் அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டாம். மாதங்கள் கடந்தால் நோய் கப்பலில் வந்ததா, ஊரில் வந்ததா என்ற கேள்வி எழும். மருந்துச்சீட்டு, ஒப்பந்தம், சி.டி.சி. புத்தகம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கம்பெனி மறுத்தால் தொழிற்சங்கத்திடமும், மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடமும் புகார் செய்யலாம். அந்த இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாகப் போனவர்களுக்கு இது எளிது. ஆகவே பணம் கட்டும் முன்பே உரிமத்தைச் சரிபாருங்கள்.

கப்பலுக்குப் புறப்படும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதைக் கொண்டுசேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.