சமையல் கீழே, படுக்கை மேலே

அலாஸ்காவின் கிளேசியர் பே படங்களைப் பார்த்துவிட்டு, கடலோரத்தில் கூடாரம் அடித்தால் எப்படி இருக்கும் என்றீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். பனிமலையும் பனியாறும் தாமாகவே கண்ணில் படும். அங்கே தங்கப் போகிறவர் படிக்க வேண்டியது கடலைத்தான்.

அந்த வளைகுடாவில் கடல் 25 அடி வரை ஏறி இறங்கும். ஏற ஆறு மணி நேரம், இறங்க ஆறு மணி நேரம். பத்தடிக்கு ஓரடி சரிவுள்ள கரை என்று வைத்துக்கொண்டால், மத்தியானம் கல்லும் பாசியுமாகக் கிடந்த 250 அடி அகலத் தரை ராத்திரிக்குள் தண்ணீருக்கடியில் போய்விடும். காய்ந்த பாசி ஒரு கோடாக ஒதுங்கியிருக்குமே, அதற்கு மேலே கூடாரம் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. அது போன ஏற்றத்தின் கோடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதையும் தாண்டி வரும். ஏற்ற இறக்க நேரம் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும். கயாக் படகையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். அது மிதந்து போய்விட்டால் திரும்ப வழியில்லை.

சமையலுக்கு மட்டும் நேர் எதிரான விதி. அடுப்பைக் கடல் வந்துபோகும் தரையில்தான் பற்றவைக்க வேண்டும். கரையெங்கும் கரடி நடமாட்டம். சிந்திய பருக்கையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அடுத்த ஏற்றம் அலசிக்கொண்டு போய்விடும். மிச்சச் சாப்பாடு, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எல்லாமே கெட்டியான ஒரு டப்பாவுக்குள். கரடி அதை உருட்டலாம், திறக்க முடியாது. டப்பாவைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் கரையே புதிது என்பது. 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வளைகுடாவின் வாசலையே பனி அடைத்திருந்தது. அது முன்னேறி வந்த நாளில் ஊரை விட்டு வெளியேறியவர்கள் ஹூனா டிலிங்கிட் மக்கள். ஆகவே ஆளில்லாத பூமி என்று நினைத்துவிடாதீர்கள். 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்து பார்க்கையில் பனி நாற்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று அறுபது மைலுக்கும் அப்பால் போய்விட்டது. பாரம் இறங்கியதும், ஆள் எழுந்த மெத்தை மாதிரி நிலம் மெல்ல உப்புகிறது, வருஷத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். பக்கத்து ஊரான குஸ்டாவஸில், ஒரு காலத்தில் கடல் வந்துபோன நிலத்தில் ஒருவர் கோல்ஃப் மைதானமே போட்டிருக்கிறார்.

பனியாற்றின் முகத்துக்கு நேரே, தாழ்வான கரையில் மட்டும் தங்காதீர்கள். வீட்டளவு பனிப்பாளம் பெயர்ந்து கடலில் விழுந்தால், அது எழுப்பும் அலை அட்டவணை பார்த்து வருவதில்லை. கால் மைலாவது விலகியிருக்கச் சொல்வார்கள். நான் அதைவிடவும் தள்ளியே இருப்பேன்.

போக நினைத்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சரியான காலம். மழைக்கோட்டு கட்டாயம். குஸ்டாவஸுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது, விமானம் அல்லது படகுதான். பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் தேசியப் பூங்கா ஊழியர்கள் அனுமதிச் சீட்டும் கரடி டப்பாவும் தருவார்கள், காசு வாங்குவதில்லை.