வெண்கண் ஈ கூறிய சான்று

பாரம்பரியக் கூறுகள் உயிரணுவின் குரோமோசோம்களில் உறைகின்றன என்னும் கொள்கையை ஐயுற்றவர் தாமஸ் ஹன்ட் மார்கன். 1910-இல், நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், செங்கண் பழ ஈக்களிடையே வெண்கண் ஆண் ஒன்று அவருக்குக் கிட்டியது. அதனைச் செங்கண் பெண்களுடன் இணைத்தார். பிறந்தவை ஏறக்குறைய எல்லாம் செங்கண்ணே பெற்றன. அடுத்த தலைமுறையில் 782 ஈக்களிடம் வெண்கண் மீண்டது, அத்தனையும் ஆண்களே!

காரணம் யாது? கண்ணிறக் கூறு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. தந்தையின் செங்கூறு மகள்கள் அனைவரையும் காத்தது. செங்கூறும் வெண்கூறும் தாங்கிய தாயிடமிருந்தே தம் ஒரே எக்ஸைப் பெற்ற மகன்களுள் பலருக்கு வெண்மை வெளிப்பட்டது.

மார்கன் தம் ஐயத்தைக் கைவிட்டார். தம் கருத்தினும் ஒரு சிற்றீயின் சான்றினைப் பெரிதாக மதித்த அப்பண்பையே நான் அறிவியல் என்பேன்.