எந்த மன்றோ சார்?

எங்கள் எடப்பாடி கடைவீதியில் நின்றுகொண்டு 'பழனிசாமீ!' என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். தறி ஓட்டுகிறவர், டீ ஆற்றுகிறவர், மொபெட்டில் நூல் மூட்டை கொண்டு போகிறவர் என்று குறைந்தது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பே இல்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்தே போய், மலை மேலேயே ராத்தங்கி, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் போடுகிற ஊர் இது. பிள்ளைக்குப் பழனிசாமி என்று வைக்காமல் பீட்டர் என்றா வைப்பார்கள்?

அதில் ஒரு பழனிசாமி 2017-ல் கோட்டைக்கே போய் நாலு வருஷம் முதலமைச்சராக இருந்தார். மற்ற பழனிசாமிகளோடு குழம்பக்கூடாது என்று தமிழ்நாடே அவர் பெயருக்கு முன்னால் எங்கள் ஊரைச் சேர்த்துக்கொண்டது.

அவருக்கு ஊர் கிடைத்தது. என் அப்பாரு (அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பழனிசாமிக்கு வம்புதான் கிடைத்தது.

அப்பாருக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. ரெண்டு காடு தள்ளி இன்னொரு பழனிசாமி. அதே இனிஷியல். ஏனென்றால் அவருடைய அப்பா பெயரும் பெரியசாமி! ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சர்க்கார் ஆபீஸில் (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது) ரிக்கார்டு மாற்றியபோது எங்கள் காடு அந்தப் பழனிசாமி பட்டாவில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா மூணு வருஷம் நடந்தார். 'உங்க அப்பன் பழனிசாமிதான் இந்தப் பழனிசாமின்னு என்னய்யா ருசு?' என்று கேட்டார்கள். செத்துப்போன மனுஷனைக் கூட்டிவந்தா காட்டமுடியும்?

ஒரு ஜமாபந்தி நாளில் நானும் துணைக்குப் போயிருந்தேன். வராந்தாவில் மனு எழுதும் பெரியவரிடம், "பட்டான்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சவன் யாருங்க?" என்றேன் எரிச்சலாக. அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "மன்றோ துரைன்னு ஒரு வெள்ளைக்காரன், தம்பி" என்றார்.

சும்மா இருக்காமல் செல்போனில் 'மன்றோ' என்று தட்டினேன். பக்கத்தில் அப்பா. திரையில் வந்து நின்றது யார் தெரியுமா? பாவாடை பறக்கிற மர்லின் மன்றோ! அப்பா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பட்டாவைத்தான் தேடறேனுங்ப்பா" என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அப்போதுதான் புரிந்தது. பழனிசாமி மாதிரிதான் மன்றோவும். உலகம் பூரா இருக்கிறார்கள்!

* * *

இது ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு குலத்தின் பெயர். ஃபௌலிஸ் கோட்டை அவர்களுக்குத் தலைமை இடம். அயர்லாந்தில் ரோ என்ற ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள் என்பதால் இந்தப் பெயர் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அதாவது 'ரோக்காரர்'. நம்ம 'எடப்பாடியார்' மாதிரி!

முதலில் ஹெக்டர் மன்றோ. 1764-ல் பக்ஸாரில் கம்பெனிக்கு வடநாட்டையே வாங்கிக் கொடுத்த தளபதி. அந்தச் சண்டைக்குச் சில வாரம் முன்னால், கலகம் செய்த இந்தியச் சிப்பாய்கள் 24 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச்சொன்னவரும் இவரே. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைத் துவம்சம் செய்தபோது, கூப்பிடு தூரத்தில் பெரிய படையோடு இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். 1792-ல் இவர் மகனை வங்காளத்தில் புலி அடித்தது. திப்பு வைத்திருந்த, வெள்ளைக்காரனைக் கடிக்கிற மரப்புலி பொம்மை அதை வைத்துச் செய்ததுதான் என்று ஒரு பேச்சு. பொம்மை இப்போது லண்டன் மியூசியத்தில்.

அடுத்தவர் ஜான் மன்றோ. திருவிதாங்கூரில் 1810-லிருந்து ரெசிடென்ட், 1811 முதல் 1814 வரை திவானும் இவரே. அதாவது கம்பெனியின் கண்காணிப்பாளரும் ராணியின் மந்திரியும் ஒரே ஆள்! கொல்லம் பக்கம் கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடத்தில் 'மன்றோ துருத்து' என்று ஒரு தீவே இவர் பேரில் இருக்கிறது.

கடல் தாண்டினால் ஜேம்ஸ் மன்றோ. முப்பாட்டன் காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து போன குடும்பம். 1817 முதல் 1825 வரை அமெரிக்க ஜனாதிபதி. 'எங்கள் பக்கத்து நாடுகளில் ஐரோப்பாக்காரன் மூக்கை நுழைக்காதே' என்று 1823-ல் சொன்ன மன்றோ கொள்கை இவருடையது. லைபீரியாவின் தலைநகரம் மன்ரோவியா இவர் பெயரில்தான்.

'சாகி' என்ற புனைபெயரில் குறும்புக் கதைகள் எழுதிய எச்.எச்.மன்றோ 1870-ல் பிறந்தது பர்மாவில். அப்பா அங்கே போலீஸ் பெரிய அதிகாரி. 1916-ல் பிரான்ஸ் போர்முனையில், யாரோ பற்றவைத்த சிகரெட்டை அணைக்கச் சொல்லிக் கத்தியபோது இவர் மேல் குண்டு பாய்ந்ததாகச் சொல்வார்கள். ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே தம் அடிக்கும் நண்பர்கள் கவனிக்க!

ஹியூ மன்றோ ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேலுள்ள மலைகளை 1891-ல் பட்டியல் போட்டார். இன்றைக்கும் அந்த 282 மலைகளுக்கு 'மன்றோ' என்றே பெயர். அத்தனையும் ஏறி முடிப்பது அங்கே ஒரு பைத்தியம். பட்டியல் போட்டவர் மட்டும் முடிக்காமலே 1919-ல் காலமானார். ஒரு ரகசியம்: அவர்களுடைய மிகப்பெரிய மலை பென் நெவிஸ் 4,413 அடிதான். நம்ம சேர்வராயன் மலை 5,300 அடிக்கு மேல். ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய் பஜ்ஜி தின்றுவிட்டு வருகிறவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

2013-ல் நோபல் வாங்கிய கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ (2024-ல் மறைந்தார்) பிறப்பால் லெய்ட்லா. மன்றோ, கட்டிக்கொண்ட பெயர். நம்ம மர்லின்? நார்மா ஜீன் என்ற பெண் சினிமாவுக்காக அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் பழைய மன்றோக்கள் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் வந்து நிற்கிறார்!

* * *

சரி, நம்ம பட்டா மன்றோ எங்கே? அவர் தாமஸ் மன்றோ. பிறந்தது 1761, கிளாஸ்கோ. அப்பா வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். பையனும் ஒரு வியாபாரியின் ஆபீஸில் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் சுதந்திரப் போர். அப்பா போண்டி! அந்தப் போரில் வெள்ளையனுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கி, 1776-ல் காயம் பட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பின்னாளில் ஜனாதிபதியான அதே ஜேம்ஸ் மன்றோ! ஒரு மன்றோ சேர்ந்து நடத்திய போரில் இன்னொரு மன்றோ வீட்டு அடுப்பு அணைந்தது. வேறு வழியில்லாமல் தாமஸ் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். முதல் சண்டையே புள்ளலூர் சமயம், பீரங்கியைக் குளத்தில் தள்ளிய ஹெக்டர் மன்றோவின் படையில்!

1792-ல் திப்பு, பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. வரி வசூலிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீடையும் மூணு உதவியாளர்களையும் அனுப்பினார்கள். சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் பாஷை தெரியாது என்பதால் பட்டாளத்துக்காரர்கள். வடக்கே கிரகாம், தெற்கே எங்கள் சேலம், சங்ககிரிப் பக்கம் மக்லியாட், நடுவில் தருமபுரியில் மன்றோ. ஏழு வருஷம் ஊர் ஊராகக் குதிரையில் போய், கூடாரத்தில் தங்கி, யார் காட்டில் என்ன விளையும் என்று எழுதினார்.

அதற்கு முன்னால் வரி குத்தகை. ஒருத்தன் மொத்தமாக ஏலம் எடுப்பான், குடியானவனிடம் கறப்பான். ரீட் தொடங்கி, மன்றோ நிலைநாட்டிய ரயத்துவாரியில் நடுவில் ஆள் கிடையாது. இந்த நிலம், இந்த அளவு, இந்தப் பெயர், இவ்வளவு தீர்வை. இதற்கு ஒரு காகிதம், அதுதான் பட்டா. இவர்கள் போன பிறகு, 1800-களின் தொடக்கத்தில், சேலம் ஜில்லாவை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் போட்டார்கள். 'பெரிய மிட்டா மிராசாடா நீ?' என்று நாம் திட்டுகிறோமே, அந்த மிட்டா! பல மிட்டாக்கள் கட்ட முடியாமல் சர்க்காருக்கே திரும்பின. 1820-ல் மன்றோ சென்னை கவர்னராக வந்து ரயத்துவாரியைப் பரப்பினார்.

ஆளைத் தெய்வமாக்க வேண்டாம். வந்தது கம்பெனிக்கு வசூல் பண்ண. தீர்வை கடுமை. கடப்பை, பெல்லாரிச் சீமையில் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-ல் அவரே எழுதிய அளவுக்குக் கடுமை. அவர் காலத்துக்குப் பிறகும் வசூல் சிப்பந்திகள் குடியானவனைச் சித்திரவதை செய்தது 1855-ல் சர்க்கார் கமிஷன் அறிக்கையிலேயே வந்தது.

ஆனாலும் ராயலசீமையில் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் வைத்தார்கள். மந்திராலயத்தில் மடத்து மானிய நிலத்தை விசாரிக்கப் போனபோது ராகவேந்திரரே பிருந்தாவனத்திலிருந்து இவரோடு பேசினார் என்று ஒரு கதை உண்டு. நம்புவது உங்கள் பாடு. பாருங்கள், சாமியே வந்தாலும் பேச்சு நிலத்தைப் பற்றித்தான்!

1827-ல் ஊருக்குத் திரும்பும் முன் அந்தச் சீமையை ஒரு தரம் பார்க்கப் போனவர், ஜூலை 6-ம் தேதி பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். சென்னை தீவுத்திடல் பக்கம் 1839-ல் வைத்த சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அந்த அவமானத்தில் சிற்பி சாண்ட்ரி தற்கொலை செய்துகொண்டார் என்பது கட்டுக்கதை. அவர் 1841-ல் இயற்கையாகவே இறந்தார்.

* * *

எங்கள் பட்டா என்ன ஆச்சு என்கிறீர்களா? ஒருநாள் காலையில் அந்த இன்னொரு பழனிசாமியின் மகன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்ணா, உங்க காட்டை வெச்சுக்கிட்டு நான் என்னங்ணா பண்றது? எங்கப்பா பேர்ல வந்ததுக்காக எங்க காடாயிடுமா? வாங்க, நானே வந்து எழுதிக் குடுக்கறேன்."

அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல காப்பி குடி சாமி" என்றார்.

நினைத்திருந்தால் அவர் கம்மென்று இருந்திருக்கலாம். காகிதம் அவர் பக்கம். சிப்பாயைப் பீரங்கியில் கட்டியவரும் மன்றோ, குடியானவன் பெயரை ஏட்டில் ஏற்றியவரும் மன்றோ. பெயர் என்னவோ அப்பன் கொடுப்பதுதான். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதப்படும் என்பது நம் கையில்.

புதுப் பட்டா வந்துவிட்டது. பெயர் சரி. இனிஷியல் சரி. சர்வே நம்பரில் மட்டும் ஒரு எழுத்து தப்பு.

அடுத்த ஜமாபந்திக்குப் போகிறோம்!