ஐம்பது மீட்டர் என்றால் என்ன?

நடக்கும் அடிகளை எண்ணி, நாடித்துடிப்பையும் அளந்து காட்டும் ஃபிட்னஸ் பேண்ட் உங்களிடமோ உங்கள் நண்பரிடமோ இருக்கிறதா? அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 5 ஏ.டி.எம். அல்லது 50 மீட்டர் என்று பொறித்திருக்கும். ஐம்பது மீட்டர் ஆழத்தைத் தாங்கும் கருவி, குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் பழுதாகிவிடுவது எப்படி?

ஏ.டி.எம். என்பது வளிமண்டல அழுத்தம். நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் எடை அளவு கூடும். 50 மீட்டரில் இது 5 கிலோகிராம். பட்டையின் கண்ணாடி 7 சதுர செ.மீ. பரப்புடையது என்றால், அதன்மீது 35 கிலோகிராம் எடை அழுத்துகிறது!

இதைத் தாங்குவது சாதனைதான். ஆனால் சோதனை எப்படி நடக்கிறது? பல உற்பத்தியாளர்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 22810 தரநிர்ணயத்தில், கருவியை நீரில் வைத்துக் குறித்த அழுத்தத்தைப் பத்து நிமிடம் செலுத்துவர். கருவி புதியது, நீர் அசைவற்றது, சோப்பு கலவாதது. எல்லாப் பட்டைகளையும் சோதிப்பதும் கட்டாயமில்லை. மாதிரிக்குச் சில போதும். (ஆழ்கடலில் மூழ்குவோருக்கான கடிகாரங்களில்தான் ஒவ்வொன்றையும் சோதித்தாக வேண்டும்.)

நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பன்மடங்கு ஏறிவிடும் என்று சிலர் கூறுவர். கணக்கிட்டுப் பாருங்கள். கையின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்க. அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் 4500 பாஸ்கல் வரும். இது 45 செ.மீ. ஆழ நீரின் அழுத்தமே. கையை வீசுவதன்மீது பழிபோட முடியாது.

உண்மையான எதிரிகளுள் முதலாவது சோப்பு. தூய நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்குச் சுமார் 72 டைன். சோப்பு நீரில் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ரப்பர் வளையத்தின் ஓரத்தில் உள்ள நுண்ணிய இடுக்கில் புகாமல் நின்ற நீர், சோப்பு கலந்ததும் எளிதில் பரவி உள்ளே நுழைகிறது.

இரண்டாவது வெந்நீர். 47 டிகிரி செல்சியஸ் நீரில் சூடான பட்டையின்மீது 27 டிகிரி நீரை ஊற்றுகிறீர்கள். உள்ளிருக்கும் காற்று 320 கெல்வினிலிருந்து 300 கெல்வினுக்குக் குளிர்கிறது; அதன் அழுத்தம் பதினாறில் ஒரு பங்கு குறைகிறது. 60 செ.மீ. நீர் வெளியிலிருந்து தள்ளுவதற்கு இது சமம். கைவீச்சின் அழுத்தம் நொடியில் மறையும். இதுவோ நீடித்து நின்று சோப்பு நீரை உள்ளே இழுக்கும். காற்றழுத்தமானி உள்ள சில கருவிகளில் ஒரு சிறு துளையும், அதை மூடிய நுண்துளைச் சவ்வும் உண்டு. சவ்வு நீர்த்துளியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. உள்ளே சென்ற ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகும்.

மூன்றாவது காலம். குக்கர் கேஸ்கெட் நாளடைவில் இறுகி, ஓரத்தில் ஆவி கசிவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். நெடுநாள் நசுங்கிக் கிடக்கும் ரப்பர் பழைய வடிவுக்கு முழுவதும் திரும்புவதில்லை. பட்டைக்குள் இருக்கும் வளையத்துக்கும் அதே கதிதான். பின்புறத்தில் பொறித்த எண்ணோ அப்படியே இருக்கிறது!

வியர்வையும் கடல்நீரும் வேறு வகையில் கெடுக்கின்றன. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் காயாமல் சார்ஜ் செய்தால் மின்பகுப்பு நிகழ்ந்து உலோக முனைகள் அரிக்கப்படும். ஆகவே பட்டையை நல்ல நீரில் அலசித் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே சார்ஜ் செய்யுங்கள். குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

உள்ளே ஈரம் புகுந்துள்ளதா என்று அறியத் தொழிற்சாலையில் ஓர் எளிய வழி உண்டு. கருவியை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடிமீது ஒரு துளி குளிர்ந்த நீரை விடுவர். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், ஈரம் இருந்தால் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருக்கும். மழையில் நனைந்து வந்த நாளில் உங்கள் பட்டையிலும் அவ்வாறு பனி தெரிந்தால், அதை அணைத்துவிடுங்கள். சார்ஜ் செய்யாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.