ஓய்வுக்குப் பின் ஒரு பிரிண்டர்

2021 ஆகஸ்ட் 18. ஜெராய் மலையில் கொட்டிய மழை, மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு யான் பக்கம் இறங்கியது. தித்தி ஹாயுனும் சுற்றியுள்ள கம்பங்களும் சேற்றில் மூழ்கின. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இப்படி ஒரு வெள்ளம் வந்துபோன வீட்டில் மெத்தை போனால் மெத்தை வாங்கலாம். தோட்டத்து லயத்தின் முன்னால் தாத்தா நின்று எடுத்துக்கொண்ட ஒரே படம் போனால் எந்தக் கடையில் போய்க் கேட்பது?

யானில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் வீட்டில் படம் அச்சிடத் தொடங்கினார். உறவினர் வீட்டு ஆல்பம் நனைந்துவிட்டது. அதே கல்யாணத்தின் படங்கள் சில குருணில் இன்னொரு வீட்டில் இருந்தன. அவற்றை இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, அச்சிட்டு இரண்டு வீட்டுக்கும் கொடுத்தார். பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலைக்கு இப்போது உறவினர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் குரலை மட்டும் நம்பிப் பிழைக்கிற வானொலிக்காரன். படத்தைப் பற்றி அவரிடம் கற்றதும், தேடிப் படித்ததும்தான் இங்கே.

எந்தப் பிரிண்டர் வாங்குவது என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. ஆல்பத்தில் வைக்கும் 4க்கு 6 அங்குலப் படம் மட்டும் போதுமென்றால் கேனன் செல்ஃபி போன்ற சின்னக் கருவி போதும். அது திரவ மையைப் பயன்படுத்துவதில்லை. மஞ்சள், மெஜந்தா, சியான் சாயங்களைச் சூட்டால் தாளில் ஏற்றி, கடைசியில் கண்ணாடி போன்ற ஒரு பூச்சும் போடும். தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வருவதைப் பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். தாளும் சாயமும் ஒரே கட்டாக விற்பதால், ஒரு படத்துக்கு என்ன செலவு என்று வாங்கும்போதே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு மாதம் தொடாமல் வைத்தாலும் மை அடைக்காது.

ஏ4 அளவில், சாமி அறைக்கோ வரவேற்பறைக்கோ பெரிய படம் வேண்டுமென்றால் எப்சன் எல்8050 போல, ஆறு நிற மை ஊற்றும் தொட்டி வகை நல்லது. அலுவலகப் பிரிண்டரின் நான்கு நிறங்களோடு இளஞ்சியானும் இளமெஜந்தாவும் சேர்வதால் முகத்தின் நிறம் புள்ளி தெரியாமல் வரும். நம் மாநிறத்துக்கு இது முக்கியம். அதில் ஸ்கேனர் கிடையாது. தனியாக வாங்க வேண்டும். வாரம் ஒரு வண்ணப் படமாவது அச்சிடாவிட்டால் முனையில் மை உலர்ந்து கோடு கோடாக விழும். வாரம் ஒன்று முடியாதவர்கள் இந்த வகையைத் தொடாமல் இருப்பது மேல். சேமநிதிப் பணம் கையில் வந்த வேகத்தில் ஏ3 பிரிண்டர் வாங்கி, மூடி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது படத்தின் அளவு. தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. 4க்கு 6 படத்துக்கு 1200க்கு 1800 புள்ளிகள். ஏ4 தாளுக்கு 2480க்கு 3508. புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். ஆல்பத்துக்குச் சமாளித்துவிடலாம். ஆனால் வீட்டில் ஒரு மரணம் நேரும்போது நாம் என்ன செய்கிறோம்? கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, அதைப் பெரிதாக்கி, மாலை போடுகிறோம். பல வீடுகளில் அம்மாவின் முகம் மங்கலாகத் தொங்குவது இதனால்தான். பிள்ளைகளிடம் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்; அப்போது சுருங்காது. பழைய படத்தை 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கியும் தெளிவு போகாது.

திரையில் பளிச்சென்று இருந்த படம் தாளில் இருட்டாக வந்தால் உடனே பிரிண்டரைத் திட்டாதீர்கள். திரை தானே ஒளிர்கிறது, தாள் அப்படி இல்லை. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள். பிரிண்டர் அமைப்பில் தாளின் வகையையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணத் தாள் என்று விட்டுவிட்டுப் பளபளப்புத் தாளைச் செருகினால் நிறம் கெடும். நம் ஊர் ஈரத்துக்குத் தாள் கட்டைப் பிரித்தபடி வைக்கக்கூடாது. காற்றுப் புகாத பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அச்சிட்ட படத்தை ஒரு நாள் முழுக்க உலரவிட்டுப் பிறகு சட்டமிடுங்கள்.

வெள்ளம் வரும் ஊரில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில், சேற்றிலிருந்து எடுத்த படங்களைக் கழுவி மீட்கும் வேலையில் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் இறங்கியது. ஸ்டூடியோவில் ரசாயனத்தில் கழுவிய பழைய படங்கள் கொஞ்ச நேரம் தண்ணீரைத் தாங்கும் என்பதால்தான் அது முடிந்தது. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல் சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு, தானாகப் பிரிந்ததும், முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்த வேண்டும். நாள் கணக்கில் ஊறினால் ஜெலட்டின் படலமே கரைந்துவிடும். இப்போது வீட்டில் சாய மையில் அச்சிடும் படமோ பெரும்பாலும் கலைந்தே போகும். ஆகவே மூலப்படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அச்சிடும்போது இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ மகன் வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

அந்த ஆசிரியர் இப்போது தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய வகுப்புப் படங்களைச் சேர்க்கிறார். அச்சிடுவதைவிட அதிக நேரம் பிடிப்பது பெயர் கேட்பதுதான். ஆசிரியர்களை அடையாளம் சொல்ல ஆள் உண்டு. இரண்டாம் வரிசையில் செருப்பில்லாமல் நிற்கும் பையன் யார் என்பது ஊரில் ஒரே ஒரு பாட்டிக்குத்தான் தெரியும். பாட்டி சொல்லச் சொல்ல இவர் படத்தின் பின்புறத்தில், நீரில் கரையாத பேனாவால், ஓரமாக எழுதுகிறார். மை நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குகிறார். இல்லாவிட்டால் அடுத்த படத்தின் முகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.